வீட்டு ஹீட் பம்ப் மாற்ற எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களில் பலர் ஹீட் பம்ப் என்ற பெயரைக் கவனிப்பதே அது நின்றுபோகும் நாளில்தான். வட கரோலினா, வர்ஜீனியா, ஜார்ஜியா, டென்னசி பக்கங்களில் கோடைக்குக் குளிர்ச்சியும் குளிர்காலத்துக்கு வெப்பமும் தருவது பல வீடுகளில் இந்த ஒரே இயந்திரம். ஜனவரி இரவில் அது படுத்துவிட்டால், மறுநாள் காலையில் வருபவர் நீட்டும் விலைத்தாளில் 12,000 டாலர், 18,000 டாலர் என்று எண்கள் இருக்கும். குழந்தைகள் போர்வைக்குள் சுருண்டிருக்க, கணவனும் மனைவியும் அரை மணி நேரத்தில் முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் பணம் வீணாகிறது. அதைத் தடுக்க முடியும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்.

இங்கே வரும் தொகைகள், டக்ட் எனப்படும் காற்றுக் குழாய்கள் வழியாக வீடு முழுவதும் காற்று அனுப்பும் சாதாரண ஹீட் பம்புக்குப் பரவலாகக் கேட்கப்படும் விலைகள். உங்கள் ஊரில் சற்றுக் கூடலாம், குறையலாம்.

எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

வெளியே நிற்கும் யூனிட், உள்ளே அட்டிக்கிலோ வீட்டுக்கு அடியில் உள்ள கிரால் ஸ்பேஸிலோ இருந்து டக்டுக்குள் காற்றைத் தள்ளும் ஏர் ஹேண்ட்லர் ஆகிய இரண்டையும் மாற்றி, பெர்மிட் வாங்கி, பழையதை எடுத்துச்செல்வது வரை 3 டன் அளவுக்கு (டன் என்பது இங்கே எடை அல்ல, இயந்திரத்தின் திறன்) பெரும்பாலும் 9,000 முதல் 16,000 டாலர் வரை கேட்கிறார்கள். ஒரே வேகத்தில் ஓடும் அடிப்படை மாடல் இதன் கீழ்முனையில் இருக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மாடல் 20,000 வரைகூடப் போகும். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ் போன்ற கூலி அதிகமான மாநிலங்களில் 20,000க்கு மேல் கேட்பது வழக்கம்தான்.

டக்ட் இல்லாமல் ஓர் அறைக்கு மட்டும் மாட்டும் மினி ஸ்பிளிட் என்றால் 3,500 முதல் 6,000 டாலர் வரை. பூமிக்கடியில் குழாய் பதித்த ஜியோதெர்மல் வகை வேறு கணக்கு: அந்தக் குழாய்கள் 50 ஆண்டு வரை உழைக்கக்கூடியவை என்பதால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும்தான். முதல்முறை போட்ட பெருந்தொகையை மறுபடி போட வேண்டியதில்லை.

இன்று நின்றுவிட்டது, வெளியே உறைபனி. மூன்று பேரிடம் விலை கேட்க எனக்கு எங்கே நேரம்?

நேரம் இருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கவலை தீரும்.

பெரும்பாலான ஹீட் பம்புகளில் வெளி யூனிட் நின்றாலும் வீட்டைச் சூடாக்க இன்னொரு வழி உள்ளேயே இருக்கிறது. ஏர் ஹேண்ட்லருக்குள் ஹீட் ஸ்ட்ரிப் எனப்படும் மின்கம்பிச் சுருள்கள் உண்டு. மிகவும் குளிரான நாட்களில் ஹீட் பம்புக்குத் துணையாக இவை தாமாகவே ஓடும். தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் வெளி யூனிட் ஓய்ந்து, இந்தச் சுருள்கள் மட்டும் வீட்டைச் சூடாக்கும். உள்ளே இருக்கும் மின்விசிறி ஓடினால் போதும். கேஸ் ஃபர்னஸ் துணையாக உள்ள வீட்டில் ஃபர்னஸ் அந்த வேலையைச் செய்யும்.

மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், உண்மைதான். 10 கிலோவாட் சுருள் நாளில் பாதி நேரம் ஓடினால் 120 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம். யூனிட்டுக்கு 14 சென்ட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 17 டாலருக்குச் சற்றுக் குறைவு, ஒரு வாரத்துக்கு 118 டாலர் அளவு. பதற்றத்தில் முதல் விலைத்தாளில் கையெழுத்திட்டு நாலாயிரம், ஐயாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் இந்த 118 டாலரை நினைத்துப் பாருங்கள். கோடையில் நின்றால் படுக்கையறைக்கு ஒரு ஜன்னல் ஏசியையோ, நகர்த்தக்கூடிய சிறு ஏசியையோ வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் சில நூறு டாலரோடு முடியும். வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் அதைத் தயங்காமல் செய்யுங்கள்.

ஒரே வீட்டுக்கு ஒருவர் 9,500 என்கிறார், இன்னொருவர் 17,000 என்கிறார். யார் ஏமாற்றுகிறார்?

இருவருமே ஏமாற்றாமல் இருக்கலாம். நீங்கள் செலுத்தும் தொகையில் இயந்திரத்தின் விலை பல நேரம் பாதிகூட இருக்காது. மீதி வேறு இடங்களுக்குப் போகிறது: இரண்டு பேரின் ஒரு நாள் உழைப்பு, வண்டி, காப்பீடு, உரிமம், அலுவலகச் செலவு, விற்பனையாளரின் கமிஷன், தொலைக்காட்சி விளம்பரம். வீட்டுக்கு வருபவர் கருவியோடு வரும் மெக்கானிக்கா, டேப்லெட்டோடு வரும் விற்பனையாளரா என்று பாருங்கள். விற்பனையாளருக்கு விற்ற தொகையில் பங்கு உண்டு. அந்தப் பங்கும் உங்கள் விலைத்தாளுக்குள்தான் இருக்கிறது.

ஆனால் பெரிய வித்தியாசம் பெரும்பாலும் வேறோரிடத்தில் ஒளிந்திருக்கும். இரண்டு தாள்களும் ஒரே வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. 9,500 என்றவர் பழைய செம்புக் குழாயையும் பழைய ஹீட் ஸ்ட்ரிப்பையும் அப்படியே விட்டுவிடுவார், பெர்மிட் வாங்க மாட்டார், கூலிக்கு ஓராண்டு உத்தரவாதம்தான் தருவார். 17,000 என்றவர் இன்வெர்ட்டர் மாடல், புதிய குழாய், புதிய தெர்மோஸ்டாட், அட்டிக்கில் தண்ணீர் வழிந்தால் இயந்திரத்தை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச், கூலிக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று எல்லாம் சேர்த்திருப்பார்.

ஆகவே விலையை ஒப்பிடுவதற்கு முன் வேலையை ஒப்பிட வேண்டும். வெளி யூனிட், உள் யூனிட் இரண்டின் முழு மாடல் எண்ணும், ஹீட் ஸ்ட்ரிப் எத்தனை கிலோவாட் என்பதும், குழாய் புதியதா பழையதா என்பதும், பெர்மிட் யார் பொறுப்பு என்பதும், கூலி உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதும் எழுத்தில் வேண்டும். '3 டன் உயர்தர சிஸ்டம்' என்று மட்டும் எழுதிய தாளில் நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதே இல்லை. மாடல் எண் தர மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கூடவே ஏஎச்ஆர்ஐ என்ற தயாரிப்பாளர்கள் சங்கத்தின் சான்றிதழ் எண்ணையும் கேளுங்கள். இந்த வெளி யூனிட்டும் இந்த உள் யூனிட்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டு இவ்வளவு திறன் தரும் என்பதற்கு அதுதான் ஆதாரம். அந்த எண்ணை இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

என் வீட்டில் இப்போது இருப்பது எத்தனை டன்? எனக்கே தெரியாதே.

வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஓர் உலோகத் தகடோ, வெயிலில் வெளுத்த ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும். குனிந்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண்ணின் நடுவே 018, 024, 030, 036, 042, 048, 060 என்ற எண்களில் ஒன்று இருக்கும். அது ஆயிரம் பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) கணக்கு. 12,000 பிடியு ஒரு டன் என்பதால் 12ஆல் வகுத்தால் டன் வரும்: 036 என்றால் 3 டன், 030 என்றால் இரண்டரை டன். அதே தகட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும், எந்தக் குளிர்பதன வாயு, எத்தனை ஆம்பியர் பிரேக்கர் என்பதும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே அந்தப் படத்தை எடுத்து வையுங்கள். வருபவர் 'இது பதினைந்து வருஷப் பழசு' என்று சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்கும்.

அதே டன்னையே திரும்பப் போட்டால் போதுமா?

போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வீடு கட்டியவர் முதலில் போட்ட அளவே தவறாக இருந்திருக்கலாம். நடுவில் நீங்கள் ஜன்னல்களை மாற்றியிருக்கலாம், அட்டிக்கில் இன்சுலேஷன் கூட்டியிருக்கலாம். வீட்டின் வெப்பத் தேவையை அறை அறையாகக் கணக்கிடும் முறைக்கு 'மேனுவல் ஜே' என்று பெயர். அமெரிக்க ஏர் கண்டிஷனிங் ஒப்பந்ததாரர்கள் சங்கம் வகுத்த முறை அது. சதுர அடியைக் கேட்டுவிட்டு 'உங்களுக்கு 4 டன்' என்று சொல்வது கணக்கு ஆகாது.

பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். கரோலினா, ஜார்ஜியா கோடையில் இது பெரும் தவறு. அளவுக்கு மீறிய இயந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. 72 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் உடம்பு பிசுபிசுக்கும், அலமாரிக்குள் பூஞ்சை வாடை வரும். கூடுதல் விலை கொடுத்து இதை வாங்க வேண்டுமா?

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

முதலில் என்ன பழுது என்று தெரிய வேண்டும். கெப்பாசிட்டர், கான்டாக்டர் போன்ற சிறு பாகங்கள் 150 முதல் 400 டாலருக்குள் முடியும். பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் போர்டு போனால் அதைவிடக் கொஞ்சம் கூடும். உள் மின்விசிறி மோட்டார் புதிய வகையாக இருந்தால் 600 முதல் 1,500 வரை. கம்ப்ரசர் போனால், உத்தரவாதம் முடிந்திருக்கும்போது, 2,000 முதல் 3,500 வரை கேட்பார்கள். உள் காயிலில் (குளிர்பதன வாயு ஓடும் குழாய்ச் சுருளில்) கசிவு என்றாலும் ஏறத்தாழ அதே அளவு.

இயந்திரத்தின் வயதைப் பழுதுச் செலவால் பெருக்கி, 5,000க்கு மேல் வந்தால் மாற்றிவிடுங்கள் என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 12 வயது இயந்திரத்துக்கு 450 டாலர் பழுது என்றால் பெருக்கினால் 5,400. 450 டாலரில் இன்னும் மூன்று குளிர்காலம் ஓடக்கூடியதைத் தூக்கிப்போட்டு 12,000 டாலர் செலவழிக்கச் சொல்கிறது அந்தச் சூத்திரம். விற்பவருக்குத்தான் அது வசதி.

நான் பார்ப்பது வேறு. ஹீட் பம்பின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டு. கடலோரத்தில் உப்புக்காற்று அதைக் குறைக்கும். பத்து வயதைத் தாண்டி, உத்தரவாதமும் முடிந்து, கம்ப்ரசரோ காயிலோ போயிருந்தால் மாற்றுவதே சரி. ஆர்-22 என்ற பழைய குளிர்பதன வாயுவில் ஓடும் இயந்திரம் கசிந்தாலும் அப்படித்தான். 2020 ஜனவரி முதல் அமெரிக்காவில் ஆர்-22 புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ அனுமதி இல்லை, மிச்ச இருப்பிலிருந்து வாங்குவது கட்டுப்படியாகாது. மற்றபடி ஒரு சிறு பாகம் கெட்டுப்போனதற்காக முழு இயந்திரத்தையும் மாற்றச் சொன்னால் இன்னொருவரை அழைத்துக் காட்டுங்கள். கெட்டது என்று சொல்லும் பாகத்தின் அளவீட்டையும் காட்டச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர் மேல் எத்தனை மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும், மீட்டரில் எத்தனை காட்டுகிறது என்பதை நீங்களே பார்க்கலாம்.

'கேஸ் குறைந்துவிட்டது' என்று வருடா வருடம் நிரப்புகிறார்களே?

அந்தக் குளிர்பதன வாயு தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் நிரப்பும் பணத்தை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் கசிவைச் சரிசெய்யும் செலவே வந்துவிடும்.

ஆர்-410ஏ வாயுவைத் தடை செய்துவிட்டார்கள், அதனால் கட்டாயம் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை, பாதி பயமுறுத்தல். புவி வெப்பமாதல் திறன் 700ஐத் தாண்டும் வாயுக்களில் ஓடும் புதிய வீட்டு ஹீட் பம்புகளை 2025 ஜனவரி 1 முதல் தயாரிக்கக் கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி. ஆர்-410ஏவின் மதிப்பு 2,088. அதன் இடத்தில் ஆர்-454பி, ஆர்-32 என்ற இரண்டும் வந்திருக்கின்றன. தயாரிப்பாளர்களில் கேரியர், டிரேன், லெனாக்ஸ் முதலில் சொன்னதைப் பயன்படுத்துகின்றன, டைக்கினும் குட்மேனும் இரண்டாவதை. இரண்டுமே இலேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால் புதிய இயந்திரங்களில் கசிவை உணரும் சென்சார் போன்ற ஏற்பாடுகள் சேர்ந்துள்ளன. விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்-410ஏ இயந்திரத்தைக் கழற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அதைப் பழுது பார்க்கலாம், அதே வாயுவை நிரப்பலாம், பாகம் மாற்றலாம். 'அடுத்த வருடம் கேஸ் கிடைக்காது' என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெளி யூனிட்டை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாமா?

முன்பு பலர் செய்தார்கள். இப்போது அது சிக்கல். ஆர்-410ஏவுக்காகச் செய்த உள் காயிலோடு ஆர்-454பி வெளி யூனிட்டைச் சேர்க்க முடியாது. பழைய வாயுவுக்கான வெளி யூனிட் மாற்றுப் பாகமாகக் கிடைக்கலாம். ஏர் ஹேண்ட்லர் மூன்று நான்கு வயதுதான் என்றால் அதை யோசிக்கலாம். பன்னிரண்டு வயது ஏர் ஹேண்ட்லரோடு புதிய வெளி யூனிட்டை இணைத்தால், இரண்டு ஆண்டில் உள் காயில் கசியும்போது மறுபடி முழுச் செலவு.

மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என இரண்டு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் தள்ளுபடி தருகிறார்கள்.

இரண்டாவது நன்றாக ஓடுகிறதென்றால் வேண்டாம். தள்ளுபடி ஆயிரம் டாலர் என்றால், அதற்காகப் பதினோராயிரம் டாலரை நான்கைந்து ஆண்டு முன்னதாகவே கொடுக்கிறீர்கள்.

இன்வெர்ட்டர் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

சத்தம் குறைவு, ஈரப்பதக் கட்டுப்பாடு அருமை, மின்சாரமும் மிச்சம். அந்த வசதிக்காகக் கொடுத்தால் வருத்தப்பட மாட்டீர்கள். மின்கட்டண மிச்சத்திலேயே கூடுதல் பணம் திரும்பிவிடும் என்று சொல்லி விற்றால் மட்டும் பென்சிலை எடுங்கள். 2023 முதல் நாடு முழுவதும் ஸ்பிளிட் ஹீட் பம்புக்குக் குறைந்தபட்சத் திறன் 14.3 சீர்2 (குளிர்விப்பில் மின்சிக்கனத்தைக் காட்டும் அளவு, எண் கூடினால் சிக்கனம் கூடும்) என்று சட்டமே நிர்ணயித்திருக்கிறது. அடிப்படை மாடலே உங்கள் பழைய இயந்திரத்தைவிடச் சிக்கனமாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே கொடுக்கும் ஐயாயிரம் டாலர், மாதம் 20 டாலர் மிச்சத்தில் திரும்ப இருபது ஆண்டுக்கு மேலாகும். இயந்திரத்தின் ஆயுளே அவ்வளவு இல்லை. உத்தரவாதம் முடிந்தபின் இன்வெர்ட்டர் போர்டு போனால் அந்த ஒரு பாகமே ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மின்கட்டணம் அதிகம் வருகிறது. ஹீட் பம்பை மாற்றினால் குறையுமா?

அதற்கு முன் டக்டைப் பாருங்கள். சராசரி வீட்டில் டக்ட் வழியாகப் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டைகளிலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளிலும் வீணாகிறது என்கிறது எனர்ஜி ஸ்டார் என்ற அரசின் மின்சிக்கனத் திட்டம். கிரால் ஸ்பேஸில் டக்ட் கழன்று தொங்கினால், நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஓட்டை டக்டோடு 15,000 டாலர் இயந்திரத்தை இணைத்து என்ன பயன்? அதை அடைக்க ஆகும் செலவு இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். இலேசான குளிரிலும் 'ஆக்ஸ் ஹீட்' (துணை வெப்பம்) என்று அடிக்கடி காட்டினால் ஹீட் ஸ்ட்ரிப் மின்சுருள்கள் தேவையில்லாமல் ஓடுகின்றன. இரவில் எட்டு டிகிரி குறைத்துவைத்துக் காலையில் ஒரே தாவலாக ஏற்றும் பழக்கமும் அதற்குக் காரணமாகலாம்.

அரசாங்கச் சலுகை கிடைக்குமா?

ஹீட் பம்புக்கு 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் என்றிருந்த ஃபெடரல் வரிச் சலுகை 2025 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை நிறுத்தியது. அந்தத் தேதிக்குள் பொருத்தி முடித்தவர்கள் அந்த ஆண்டுக் கணக்கில் 5695 படிவம் வழியாகக் கேட்கலாம். மறந்துபோனவர்கள் திருத்தக் கணக்குத் தாக்கல் செய்ய வழி இருக்கிறதா என்று வரிக் கணக்காளரிடம் விசாரியுங்கள். இனிப் பொருத்தும் இயந்திரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 'இரண்டாயிரம் திரும்ப வரும்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய துண்டுப் பிரசுரங்களை நம்பி விலை பேசாதீர்கள்.

மாநிலங்கள் வழியாக வழங்கப்படும் 8,000 டாலர் வரையிலான ஹீட் பம்ப் தள்ளுபடி பற்றியும் கேட்கிறார்கள். அது வருமான வரம்புக்கு உட்பட்டது. அதைவிட முக்கியம்: கேஸ், எண்ணெய் போன்றவற்றிலிருந்து மின்சாரத்துக்கு மாறுபவர்களையும் முதல்முறை ஹீட் பம்ப் வாங்குபவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம் அது. பழைய ஹீட் பம்புக்குப் பதில் புதிய ஹீட் பம்ப் போடுபவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. நம் கேள்வியே மாற்றுவது பற்றியது என்பதால் அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். உங்களுக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடியது மின் நிறுவனம் தரும் தள்ளுபடி. டியூக் எனர்ஜி, டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் போன்றவை இப்படிப்பட்ட திட்டங்களை நடத்துகின்றன. வேலை தொடங்கும் முன்பே விதிகளைப் படியுங்கள், சிலவற்றில் அவர்கள் பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரர்தான் பொருத்த வேண்டும்.

மாதத் தவணையில் வாங்கலாமா?

தவணைத் தொகையைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள். 12,000 டாலரை 9.99 சதவீத வட்டியில் பத்தாண்டுக்குப் பிரித்தால் மாதம் 158 டாலர் சொச்சம். கேட்க எளிதாக இருக்கும். கட்டி முடிக்கும்போது 19,000 டாலரைத் தாண்டியிருப்பீர்கள். வட்டியில்லாத் தவணை என்று வந்தால், அதற்காகக் கடன் நிறுவனத்துக்கு ஒப்பந்ததாரர் செலுத்தும் கட்டணம் பெரும்பாலும் விலையிலேயே ஏறியிருக்கும். 'முழுப் பணமும் காசோலையாகத் தந்தால் என்ன விலை?' என்று கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரத்து செய்ய முடியுமா?

உங்கள் வீட்டில் வைத்து நடந்த விற்பனையாக இருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை ஃபெடரல் டிரேட் கமிஷன் விதியில் உண்டு. விதிவிலக்குகளும் உண்டு. முக்கியமாக, 'அவசரத் தேவை என்பதால் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அது கிடைக்காது. காகிதக் கட்டில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

உத்தரவாதத்தில் எது கவனிக்க வேண்டியது?

பதிவு செய்வது. பாகங்களுக்குப் பத்தாண்டு என்று விளம்பரத்தில் இருக்கும். ஆனால் பொருத்தி 60 அல்லது 90 நாட்களுக்குள் நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்யாவிட்டால் பல தயாரிப்புகளில் அது ஐந்தாண்டாகச் சுருங்கிவிடும். ஒப்பந்ததாரர் செய்துவிட்டேன் என்றாலும் உறுதிச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏழாம் ஆண்டில் கம்ப்ரசர் போகும்போது இந்த ஐந்து நிமிட வேலைதான் பாகத்தின் விலையை மிச்சப்படுத்தும். கூலி பெரும்பாலும் அதில் அடங்காது, கம்ப்ரசர் இலவசமாக வந்தாலும் மாற்றும் கூலி ஆயிரம் டாலரைத் தாண்டலாம். வீட்டைப் பழையதாக வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளரின் உத்தரவாதத்தை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்பதையும் பாருங்கள்.

இணையத்தில் இயந்திரத்தை வாங்கி, ஆள் வைத்துப் பொருத்தினால் பாதிதானே ஆகும்?

ஆகலாம். ஆனால் நீங்கள் வாங்கி வைத்த இயந்திரத்தைப் பொருத்த நல்ல ஒப்பந்ததாரர்கள் பலர் சம்மதிப்பதில்லை. சில தயாரிப்பாளர்கள் இணையத்தில் வாங்கியதற்கு உத்தரவாதமும் தருவதில்லை. இயந்திரத்தின் மேல் தவறா, வேலையின் மேல் தவறா என்று தகராறு வந்தால் நடுவில் நிற்பது நீங்கள்தான்.

வேலை நடக்கும் நாளில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பக்கத்தில் நிற்பதற்குக் கூச்சப்படாதீர்கள். செம்புக் குழாயை இணைத்ததும் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு வேக்வம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு, உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்று அளக்கும் ஒரு சிறிய மைக்ரான் மீட்டர் மாட்டியிருப்பார்கள். எண் இறங்கி இறங்கி 500க்குக் கீழே வந்து, பம்பை நிறுத்திய பின்னும் குப்பென்று ஏறாமல் நிற்க வேண்டும். அந்த எண்ணைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரே இல்லாமல் 'அரை மணி நேரம் ஓட்டினேன், போதும்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசரை அரித்துத் தின்னும், அது தெரியவர ஆண்டுக்கணக்காகும், அப்போது அந்த ஒப்பந்ததாரர் தொழிலில் இருப்பாரா என்பதே சந்தேகம்.

முடிந்ததும் நகராட்சி அல்லது கவுண்டி ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். பெர்மிட் செலவை மிச்சம் பிடிப்போம் என்று சொல்பவர் தன் வேலையை இன்னொருவர் பார்ப்பதைத் தவிர்க்கிறார். ஆய்வு முடியும்வரை கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்.

பழைய யூனிட்டை நானே கழற்றிப் பழைய இரும்புக்கு விற்கலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் வாயுவைக் காற்றில் விடுவது ஃபெடரல் சட்டப்படி குற்றம். அதை உரிய கருவியால் மீட்டெடுக்க, குளிர்பதன வாயுவைக் கையாள்வதற்கான 608 சான்றிதழ் பெற்றவருக்குத்தான் அனுமதி. பழையதை எடுத்துச்செல்வதும் வாயுவை மீட்பதும் விலைத்தாளில் ஒரு வரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் பேரம் பேசலாம், ஏனென்றால் உள்ளே இருக்கும் செம்புக்கும் அலுமினியத்துக்கும் அவருக்கு நல்ல விலை கிடைக்கிறது.